கப்பல் சித்தப்பாவுக்கு ஒரு தனித் தட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களில் இன்னும் சொந்தப் பல்லோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல் போனவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மெல்ல வேண்டியது எதுவும் இதில் இல்லை.

நம் வீடுகள் ஞாபகம் இருக்கிறதா? கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் மாலைக்குள் கரித்தூள் படிந்து சாம்பல் வேட்டியாகிவிடும். யார்டில் ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும்போது அடுப்படிப் பலகையில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். விருந்தாளிகள் பதறுவார்கள். நாம் சோற்றிலிருந்து தலையைத் தூக்கமாட்டோம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் பெட்டிகளைக் கோத்து அவிழ்க்கும் வேலையைச் செய்தவர் என் அப்பா. பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் அம்மா, "இது உங்கப்பா இல்லை, வேற யாரோ அரைகுறை" என்பாள்.

நான் சொல்ல வருவது ரப்பர் விலை விழுந்த காலத்து ஒரு பருவம். எனக்கு அப்போது பாவாடை தடுக்காமல் ஓடத் தெரிந்த வயது. அக்கா மிஷன் பெண்கள் பள்ளியில் மேல் வகுப்பில் இருந்தாள், அந்தக் கர்வம் அவள் பின்னல் நுனிவரைக்கும் இருந்தது. இன்னொருவரைப் பற்றிச் சொன்னால் எங்கள் வீட்டுக் கணக்கு முடிந்தது. அவர் கப்பல் சித்தப்பா.

இந்த உறவைப் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்பது நம் பெரியவர்கள் வைத்திருந்த சட்டம். ஊர் வேறாக இருக்கலாம், சாதி வேறாக இருக்கலாம். கடல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒன்றாக வாந்தி எடுத்தவர்களுக்குள் அதெல்லாம் செல்லாது. அவர்கள் பிள்ளைகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதுகூடக் கிடையாது.

சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்வரை அறிமுகமே இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும் வந்தவர்களை நோய்த் தடுப்பு முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே அப்பா காய்ச்சலில் விழுந்தார். தட்டு போதாமல் இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்று கொடுத்தார்களாம். பக்கத்துப் பாயில் சின்னப் பையனாக இருந்த சித்தப்பா, "இவரு எங்க அண்ணன்" என்று சொல்லித் தன் பங்கையும் சேர்த்து அப்பாவுக்கு ஊட்டியிருக்கிறார். காய்ச்சல் விட்டதும் இருவரும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். வந்தது ஒன்றாக, திரும்பிப் போவதும் ஒன்றாக.

அப்பா ரயில்வேக்குப் போனார். சித்தப்பா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பாலெடுக்கப் போனார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்துவிடுவார். சட்டையில் ரப்பர் பால் புளித்த வாசம், கையில் எங்களுக்கு ஏதாவது ஒரு பொட்டலம். அந்த வாசம் மூக்கைச் சுளிக்க வைக்கும். ஆனாலும் நான்தான் முதலில் ஓடிப்போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொள்வேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, அவர்கள் வந்திறங்கிய ஆவணியில், எங்கள் வீட்டில் கப்பல் நாள். அன்றைக்கு முகாமில் போட்ட சாப்பாட்டையே சமைக்க வேண்டும். தடித்த அரிசிச் சோறு, பருப்பைத் தேட வேண்டியிருக்கும் பருப்புத் தண்ணீர், சுட்ட கருவாடு. "வருஷத்துல ஒரு நாள் வேணும்னே கெட்டதா சமைக்கணும், இதெல்லாம் ஒரு விரதம்!" என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பாவும் சித்தப்பாவும் பழைய வழக்கப்படி எனாமல் பூசிய ஒரே மங்குத் தட்டில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விளிம்பில் நீலக்கோடு போட்ட பெரிய தட்டு அது. பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. கருவாட்டுத் தலையை அப்பா சித்தப்பா பக்கம் தள்ளுவார், சித்தப்பா அப்பா பக்கம் தள்ளுவார். இருவருக்குமே அதுதான் பிடிக்கும். கடைசியில் அது பூனைக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு இங்கிலீஷ் சொற்கள்: எமிகிரன்ட், இமிகிரன்ட். இரண்டுக்கும் பொருள் எழுதி, வீட்டிலிருந்தே உதாரணமும் காட்ட வேண்டும். சித்தப்பா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்டி கேக்குது" என்றாள் அம்மா. அவள் மடியில் முறம், முறத்தில் நெத்திலி.

"இல்லம்மா. எமிகிரன்ட்னா சொந்த நாட்டை விட்டுப் போறவரு. இமிகிரன்ட்னா இன்னொரு நாட்டுக்குள்ள வர்றவரு."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நான் எதும்மா?"

"நாகப்பட்டினத்துல ஏறினப்ப எமிகிரன்ட். சுவெட்டன்ஹாம்ல எறங்கினப்ப இமிகிரன்ட்."

"ஒரே ஆளுதானே?"

"ஒரே ஆளுதான்ப்பா. எந்தக் கரையில நின்னு பாக்கறோம்ங்கறதுதான் வித்தியாசம்."

"நடுக்கடல்ல?" என்று நான் கேட்டேன்.

அக்கா யோசித்தாள். "நடுக்கடல்ல வாந்திம்மா" என்றார் சித்தப்பா. அப்பா சிரித்துப் புரையேறிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா, "சரிடி, நான் எது?" என்றாள். அம்மா கிள்ளானில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே மாட்டுக் கொட்டகை வைத்துப் பால் விற்றவர். இந்தியாவை அவள் நாட்காட்டிப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அக்கா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அதில் அம்மாவுக்குச் சொல் இல்லை. மறுநாள் டீச்சரிடமே கேட்டுவந்தாள். "இமிகிரன்டோட மகள்னு எழுதணுமாம்மா."

"நான் எங்கப்பாவுக்கு மகள்னு சொல்ல ஒரு இங்கிலீஷ் டீச்சர் வேணுமா?" என்று அம்மா நெத்திலித் தலையைக் கிள்ளி எறிந்தாள். ஆனால் அவளுக்கு வருத்தம்தான். வேலையோடு வேலையாக எப்போதும் பாடுகிறவள், அன்று முழுக்கப் பாடவில்லை.

அந்தப் பாடத்தை அக்கா மார்க்குக்காகப் படித்தாள். எனக்கு அதன் பொருள் தலை நரைத்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு மனிதர் கப்பலை விட்டு இறங்கிவிட்டதாலேயே வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டைப் பாருங்கள். கட்டிலுக்கடியில் ரோஜாப்பூ வரைந்த டிரங்குப் பெட்டி, எப்போதும் கயிறு கட்டியபடியே. சுவரில் ஓர் ஆணி அடிக்க அம்மா கேட்டால், "போகப்போற எடத்துக்கு எதுக்கு ஆணி" என்பார் அப்பா. சித்தப்பா தோட்டத்து ஆட்களுக்கு விட்ட லயத்து வீட்டில் பாய், தலையணை, ஒரு சொம்பு தவிர எதுவுமே சேர்க்கவில்லை. இரண்டு பேரும் மனசளவில் இன்னும் நாகப்பட்டினக் கரையைப் பார்த்தபடியே இருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். இதில் வேடிக்கை, அப்பா சித்தப்பாவைப் பற்றி அப்படி நம்பினார். சித்தப்பா அப்பாவைப் பற்றி அப்படி நம்பினார்.

பிறகு யார்டில் ஆட்குறைப்பு வந்தது. அப்பாவையும் நிறுத்தினார்கள். மாசக் கடைசிக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சித்தப்பாவின் தோட்டத்திலும் மரம் வெட்டுவதைப் பாதியாகக் குறைத்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கப்பல் டிக்கெட் கொடுத்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. நம் வரிசையில் எத்தனை வீடுகள் அப்படி ஒரே வாரத்தில் பூட்டிக்கிடந்தன! என்னோடு கல்லாங்காய் ஆடிய பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காலையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனாள். தன் கல்லாங்காய்களை என்னிடமே கொடுத்துவிட்டாள். அங்கேயும் கல் கிடைக்குமாம்.

அப்பா கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே அதைச் சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிள்ளான்ல எங்கண்ணன் கூப்பிடறாரே. கொட்டகையில ஆள் பத்தலைன்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பிட்டாரு. நாலு மாடு கறந்தா நாம பொழைச்சுக்க மாட்டமா?"

"தம்பியைத் தனியா கப்பல் ஏத்திட்டு நான் இங்க மாடு கறந்துக்கிட்டு இருக்கவா? அவனும் பேர் குடுத்தாச்சு. வாக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"பெரியவ படிப்பு?"

அப்பா கழற்றிய சட்டையை உதறி மடித்தார். பிறகு, சமாதானமாக, "உனக்கும் அந்த ஊரைப் பாக்கணும்னு ஆசைதானே. எத்தனை தடவை எங்க ஆத்தைப் பத்திக் கேட்டிருக்கே" என்றார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஆற்றைப் பற்றிக் கேட்டது உண்மைதான். வேலை முடிந்து களைத்து வரும் அப்பா, அந்த ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் தெளிந்து ஒரு வாய் சோறு கூடச் சாப்பிடுவார். அதற்காகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியே அவள் தலையில் வந்து விடிந்தது.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. கட்டிலை ஒரு சீனர் தனியாளாகத் தலையில் தூக்கிப்போனார். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக, பளபளவென்று இருந்தது. நான் அங்கேயே படுத்துக்கொண்டேன். அக்கா பள்ளிக்கூட உடையை மடித்துப் பெட்டியில் வைப்பாள், எடுப்பாள், மறுபடியும் வைப்பாள். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. என்னோடு சண்டைகூடப் போடாமல் இருந்தாள், அதுதான் பயமாக இருந்தது.

கப்பலுக்கு முந்தின வாரம், ஒரு வெயில் மத்தியானத்தில், சித்தப்பா தன் மூட்டையைக் கொண்டுவந்தார். லயத்தை ஒழித்துக்கொடுத்துவிட்டாராம். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து, பின்பக்கத்து முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மரம் நல்லா காய்க்குது அண்ணி" என்றார். பிறகு, "நம்ம ஊருல மழையே இல்லையாம்."

"போகத்தானே போறீங்க தம்பி, அப்பப் பாத்துக்கலாம்."

"எனக்கு என்ன அண்ணி அங்க. அம்மா போய்ச் சேந்துட்டாங்க. வீடு இருந்த எடத்தைக்கூட யாரோ உழுதுட்டாங்களாம். அண்ணன் போறாருன்னுதான் நானும் பேர் குடுத்தேன். அவரைத் தனியா விட்டா நல்லாருக்குமா?"

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. பிறகு, ஏற்கெனவே களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தாள்.

அப்பா வந்ததும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். அப்பா நம்பவே இல்லை. "அவன் எனக்காகச் சொல்றான். நான் இங்க இருந்துக்கட்டும்னு தான் மட்டும் போகப் பாக்கறான். அவன் மனசு எனக்குத் தெரியாதா?" நல்ல மனிதர்களோடு வாதாடுவதைப்போல வீண்வேலை வேறு இல்லை. அவர்களுக்கு மற்றவர் மனசெல்லாம் தெரியும், தங்கள் மனசைத் தவிர.

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் நாள் வந்தது. மறுநாளுக்கு மறுநாள் கப்பல். அப்பாவும் சித்தப்பாவும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பாயில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அம்மா நீலக்கோட்டுத் தட்டை அப்பா முன்னால் வைத்தாள். உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைத்தாள்.

கப்பல் நாளில் தட்டைப் பிரித்து வைப்பதென்றால் அது பாகப்பிரிவினை மாதிரி. சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணி, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"என்ன பண்றே நீ?" அப்பாவின் குரல் உயர்ந்தது. அவர் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா இரண்டு தட்டிலும் சோறு போட்டாள். இரண்டு தட்டிலும் ஆளுக்கொரு கருவாட்டுத் தலை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆண்கள் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"ஒரே தட்டுல ரெண்டு பேரும் கை வெச்சா, யாருக்குப் பசி, யாரு மத்தவருக்காகத் திங்கறாருன்னு ஆக்கிப்போடறவளுக்கு எப்படித் தெரியும்? அதான் தனித்தனியா வெச்சேன். இப்ப தனித்தனியாவே கேக்கறேன். தம்பி, உங்களுக்கு ஊருக்குப் போகணுமா?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்க. உங்க தட்டைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். யார்டில் ஏதோ ஒரு அரைகுறை பெட்டிகளை முட்டவிட்டான், தம்ளர்கள் கிணுகிணுத்தன.

"எனக்கு வேணாம் அண்ணி" என்றார்.

"என்னடா சொல்றே?" என்றார் அப்பா.

"எனக்கு அங்க யாருண்ணே இருக்கா? நீங்க போறீங்களேன்னுதான்!"

"நான் எங்கடா போறேன்? நீ போறியேன்னுதான்டா நான் போறேன்!"

"நான் போறேன்னு எப்பண்ணே சொன்னேன்?"

"நான் மட்டும் சொன்னனா?"

இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் மாதிரி கத்திக்கொண்டார்கள். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள், கிள்ளிக்கொண்டே அவளும் சிரித்துவிட்டாள். பிறகு அப்பா சிரித்தார். பாவம், அவருக்குச் சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீ? உனக்கு ஊருக்குப் போகணுமா?"

"ஊருக்குத் திருப்பி அனுப்பறாங்கன்னு எல்லாரும் சொல்றீங்க" என்றாள் அம்மா. "என்னைத் திருப்பி அனுப்பறதுன்னா கிள்ளானுக்குத்தான் அனுப்பணும்." அப்பா தட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

இதற்குள் சித்தப்பா குனிந்துகொண்டு அழுதார். பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அம்மா பதறிப்போய், "என்ன தம்பி, எல்லாம்தான் சரியாப் போச்சே" என்றாள்.

"அதுக்கில்ல அண்ணி. ஆள் புடிக்க வந்த கங்காணி வாடான்னான், வந்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணி இந்த நெரை மரத்துல வெட்டுன்னாரு, வெட்டினேன். நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன். ஊருக்குப் போன்னாங்க, பேர் குடுத்தேன். உனக்கு வேணுமா வேணாமான்னு இத்தனை வருஷத்துல என்னை யாருமே கேட்டதில்ல."

அம்மா எழுந்துபோய் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவர் அந்தக் கருவாட்டுத் தலையை எடுத்து, யார் பக்கமும் தள்ளாமல், தானே சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிட்டார். வாசலில் காத்திருந்த பூனைக்கு அன்றைக்கு ஏமாற்றம்.

கப்பல் பட்டியலில் இருந்த பேரை அடிக்கப் போனபோது ஆபீஸ் கிராணி, "உங்களுக்கெல்லாம் ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்று சலித்துக்கொண்டாராம். சலித்தால் என்ன, அடித்துக்கொடுத்தார். எங்கள் மூட்டைகளும் சித்தப்பாவின் மூட்டையும் கிள்ளான் மாட்டுக் கொட்டகைக்குப் போயின.

கப்பல் புறப்படும் நாளில் நாங்கள் எல்லோருமே போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போனோம். சித்தப்பாவின் லயத்து ஆட்கள் நிறையப் பேர் அதில் போகிறார்கள், வழியனுப்ப வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். துறைமுகத்தில் சேற்று வாசமும் தார் வாசமும் கலந்து வீசின. மூட்டைகள், அழுகிற குழந்தைகள், கூண்டோடு ஒரு கிளி. போகிறவர்களை ஒரு பக்கமாகவும் வழியனுப்ப வந்தவர்களை இன்னொரு பக்கமாகவும் பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார் வாசலில் நின்ற ஒரு தமிழ்க் காவல்காரர். சித்தப்பாவின் வேட்டியையும் கருத்த முகத்தையும் பார்த்தவர், கேட்காமலே அவர் தோளைப் பிடித்துக் கப்பல் பக்கமாகத் தள்ளினார். சித்தப்பா இரண்டடி போனார். பழக்கதோஷம், தள்ளினால் போகிற கால்கள் அவை. "சித்தப்பா!" என்று கத்தினேன்.

அவர் நின்றார். காவல்காரரின் கையைத் தன் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"போறவங்க அந்தப் பக்கம்யா. நீ போறியா, வழியனுப்ப வந்தியா?"

"நான் இங்க இருக்கிறவன் அண்ணே" என்றார் சித்தப்பா, தேவைக்கு மேல் உரக்க.

சொல்லிவிட்டு, நாங்கள் கேட்டோமா என்று திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே கேட்டோம்.